லயத்து வீட்டுக்குத் தடையுத்தரவு: யார் கையைப் பிடிப்பது?

தம்பி, பதிலுக்கு முன்னால் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் நீங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறிவிட்டது. செம்பனையைச் சாய்த்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வருகிறது. மாநில அரசாங்கம் நிலப் பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் கொடுத்துவிட்டது, நகராண்மைக் கழகம் திட்ட அனுமதியும் கொடுத்துவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் 22 குடும்பங்கள் இருக்கிறார்கள். முப்பது நாளில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "தோட்டத் தொழிலாளியின் வீட்டைப் பற்றிப் பேசுவது மத்தியச் சட்டம். நிலம் மாநிலத்தின் கையில். மத்தியச் சட்டம்தானே பெரியது? அதைக் காட்டி மாநில அரசாங்கத்துக்கு எதிராக ஒரு தடையுத்தரவு வாங்க முடியாதா அக்கா? அமெரிக்காவில் ஒரு ஜட்ஜ் அதிபரின் உத்தரவையே நாடு முழுக்க நிறுத்துகிறாரே?" என்று கேட்கிறீர்கள்.

நான் லாயர் இல்லை. 27 வருஷம் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். ஜட்ஜ் மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்லி, கூண்டில் நின்றவர் தமிழில் சொன்னதை மலாயில் திருப்பிச் சொல்லியே பாதிச் சட்டம் காதில் விழுந்துவிட்டது. மீதி, ஓய்வுக்குப் பிறகு ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு கட்டியபோது வந்தது. ஆகையால் இதைப் படித்த கையோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். அவரிடம் எதைக் கேட்பது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். மாநில அரசாங்கத்துக்கு எதிராகத் தடையுத்தரவு கிடைக்காது. எந்தச் சட்டம் பெரியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காரணம் வேறு. ஆனால் மண்வாரி இயந்திரத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைக்க வழி இருக்கலாம். அந்த வழி மாநில முதல்வரான மந்திரி பெசாரின் அலுவலகத்தை நோக்கிப் போகவில்லை, உங்களுக்குக் கடிதம் எழுதிய நிறுவனத்தை நோக்கிப் போகிறது.

"மத்தியச் சட்டம்தானே பெரியது" என்பதை நான் கோர்ட் வராந்தாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாதி உண்மை அது. கூட்டரசு அரசியலமைப்பின் 75-வது விதி, மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் மத்தியச் சட்டம் நிற்கும், முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது என்கிறது. சரி. ஆனால் அந்த விதிக்கு வருவதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. ஒன்பதாவது அட்டவணை என்று பெயர். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் மாதிரி அதை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் விவகாரம், குடியுரிமை, நீதிமன்றம், குற்றவியல் சட்டம் இவையெல்லாம் மத்திய அரசாங்கத்தின் பாகம். நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமியச் சமயச் சட்டம் இவை மாநிலத்தின் பாகம். நகரத் திட்டமிடலும் வீடமைப்பும் பொதுக் கிணறு, இரண்டு பேரும் இறைக்கலாம். அண்ணன் பெரியவர்தான். அதற்காகத் தம்பி பாகத்து மாமரத்தை வெட்டிவிட முடியாது.

இது பேச்சுக்குச் சொல்வதல்ல, இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறார்கள். மாமாட் பின் டாவூட் வழக்கு 1980-களில் நடந்தது. குற்றவியல் சட்டத்தொகுப்பில் நாடாளுமன்றம் சேர்த்த 298ஏ பிரிவு, பெயரளவில் பொது ஒழுங்கு என்றாலும் உள்ளே இருப்பது இஸ்லாமியச் சமய விவகாரம், அது மாநிலத்தின் பாகம் என்று சொல்லி நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றம் (இன்றைய கூட்டரசு நீதிமன்றம்) மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. மத்தியச் சட்டமே விழுந்தது! மறுபக்கம், 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி நிக் எலின் வழக்கில் கிளந்தான் மாநிலத்தின் ஷரியா குற்றவியல் சட்டத்தில் 16 பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. குற்றவியல் சட்டம் மத்தியத்தின் பாகம், அதற்குள் மாநிலம் கால் வைக்கக் கூடாது என்பதே அங்கேயும் பேச்சு.

நிலமும் ஆறும் என்று வந்தால் பாக்குன் அணை வழக்கைத்தான் பார்க்க வேண்டும். சரவாக்கில் அணை கட்டுவதற்கு முன் மத்தியச் சட்டமான 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி தங்கள் கருத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்று அங்கே குடியிருந்த மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். 1996-ல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. சம்பந்தப்பட்டது சரவாக்கின் நிலமும் ஆறும், அவை மாநிலத்தின் கையில் இருப்பவை, ஆகவே அங்கே மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றது. பெரியவர் சட்டம் கையில் இருந்தும் அந்த மூன்று பேருக்கு அது உதவவில்லை. எனக்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பு உறுத்துகிறது, ஆனால் என் உறுத்தலை வைத்து நீங்கள் வழக்கு நடத்த முடியாதே.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நிலம் மாநிலத்தின் பாகம் என்றேன். ஆனால் தீபகற்ப மலேசியாவில் நிலத்தை ஆளும் தேசிய நிலச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. மாநிலத்துக்கு மாநிலம் நிலச் சட்டம் வேறுபடாமல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக 76-வது விதி அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. 1965-ல் அப்படித்தான் அது வந்தது. சட்டம் போட்டவர் அண்ணன், சாவிக்கொத்து தம்பியிடம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் ஒப்புதலை மாநில அரசாங்கம் கொடுப்பது அந்தச் சட்டத்தின் 124-வது பிரிவின்படி. திட்ட அனுமதியை நகராண்மைக் கழகம் கொடுப்பது 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி. அதுவும் நாடாளுமன்றம் போட்டதுதான்.

அப்படியானால் உங்கள் வழக்கில் மாநிலச் சட்டம் எங்கே இருக்கிறது? இல்லை. 75-வது விதி வேலை செய்ய இரண்டு சட்டங்கள் முட்டிக்கொள்ள வேண்டும். இங்கே இருப்பது மத்தியச் சட்டங்களும், அவற்றின் கீழ் மாநிலம் போட்ட ஒரு கையெழுத்தும். கையெழுத்து தப்பாக இருந்தால் அதற்கு வேறு மருந்து, கீழே சொல்கிறேன். 75-வது விதி அந்த மருந்து இல்லை.

நீங்கள் நினைக்கும் அந்த மத்தியச் சட்டம், 1990-ல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 446-வது சட்டம். நல்ல சட்டம். தண்ணீர், மின்சாரம், குழந்தை காப்பகம் என்று முதலாளி தரும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த பிறகும் வீடு உன்னுடையது என்று அதில் எங்கேயும் இல்லை. தோட்டம் விற்றால் வீடு தர வேண்டும் என்றும் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், தம்பி. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் ஐந்து நிமிஷத்தில் இதைத்தான் சொல்வார்.

அமெரிக்காவுக்கு ஒரு பத்தி போதும். அங்கே அதிபரின் உத்தரவை நிறுத்திய மாவட்ட நீதிபதிகள் மத்திய நீதிமன்றத்தின் நீதிபதிகள், மாநில நீதிபதிகள் இல்லை. வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடும் அந்தப் பழக்கத்தையும் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே 2025 ஜூன் 27-ஆம் தேதி ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கட்டிப் போட்டுவிட்டது. நம் நாட்டில் ஷரியா நீதிமன்றம், சபா சரவாக்கின் பூர்வகுடி நீதிமன்றம் நீங்கலாக மாநிலத்துக்கென்று தனி நீதிமன்றம் கிடையாது. ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி பேராக் மாநிலத்தின் ஆள் இல்லை. டெலிவிஷனில் பார்ப்பதை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்.

அடுத்தது அரசாங்கத்துக்கு எதிரான தடை. 1956 அரசாங்க வழக்குகள் சட்டத்தின் 29-வது பிரிவு, அரசாங்கத்துக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் தடையுத்தரவு போடக் கூடாது, அதற்குப் பதிலாக இரு தரப்பின் உரிமை என்ன என்று பிரகடனம் செய்யலாம் என்கிறது. மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம் இரண்டுக்கும் இது பொருந்தும். நில அதிகாரியின் பெயரில் வழக்குப் போட்டால் என்ன என்று உங்கள் பங்காளி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதையும் அதே பிரிவு அடைத்துவிட்டது: அதிகாரிக்குப் போடும் தடை உண்மையில் அரசாங்கத்துக்குப் போடும் தடையாக முடிந்தால் அதுவும் கூடாது. 1950 குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 54-வது பிரிவிலும் அரசு இலாகாவின் பொதுக் கடமையில் தலையிடும் தடையுத்தரவு கூடாது என்று இருக்கிறது. இரண்டு பூட்டு.

இதன் தொடக்க காலக் காட்சி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1963 செப்டம்பர். மலேசியா பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. கிளந்தான் மாநில அரசாங்கம் கோர்ட்டுக்குப் போனது. மலேசியாவை உருவாக்கும் சட்டம் செல்லாது, மாநிலங்களின் சம்மதம் இல்லாமல் கூட்டரசின் உருவத்தையே மாற்ற முடியாது, வழக்கு முடியும்வரை மத்திய அரசாங்கத்தை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டது. தலைமை நீதிபதி தாம்சன் செப்டம்பர் 14-ஆம் தேதி அந்த இடைக்கால மனுவைத் தள்ளுபடி செய்தார். 16-ஆம் தேதி மலேசியா பிறந்தது. ஒரு மாநில அரசாங்கமே கேட்டும் நிற்கவில்லை. நாட்டின் பிறப்போடு ஒட்டிக்கொண்டே இந்தப் பாடமும் வந்திருக்கிறது.

சரி, மாநிலத்தின் கையெழுத்து தப்பு என்று நினைத்தால்? அதற்கு நீதிமுறை மறுஆய்வு என்று ஒரு வழி உண்டு, நீதிமன்ற விதிகளின் 53-வது ஆணை. முடிவு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலே வேலை நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். நிறுத்திவைப்பு வேண்டும் என்று தனியாகக் கேட்டு, நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் நிற்கும். நகராண்மைக் கழகம் அரசாங்கத்தோடு ஒன்றல்ல, வழக்குப் போடவும் வழக்கை எதிர்கொள்ளவும் கூடிய தனி அமைப்பு. ஆகவே திட்ட அனுமதியை எதிர்ப்பது நில மாற்றத்தை எதிர்ப்பதைவிடக் கொஞ்சம் எளிது. இன்று சாயங்காலம் தோட்டத்து நுழைவாயிலில் போய் அந்தத் திட்டப் பலகையைப் போட்டோ எடுங்கள். அனுமதி எண் அதில் இருக்கும். எந்தத் தேதியில் யார் அதை முதலில் பார்த்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்பது தெரியாமலே போய்விடும் காலம்.

இந்த வழியில் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது பக்கத்துக் குடியிருப்பாளர்கள். ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதே இடத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் பல வருஷமாக நீண்ட வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு மாற்று வீடு கட்டித் தருவதும் அதே திட்டத்துக்குள்தான் இருந்தது. திட்டம் விழுந்தபோது பூங்கா பிழைத்தது. அந்தக் குடும்பங்களின் காத்திருப்பு அத்தோடு தீரவில்லை. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் உங்கள் 22 குடும்பமும் உட்கார்ந்து, திட்டம் நிற்க வேண்டுமா, திட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு வீடு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அதைப் பொறுத்துத்தான் மனுவை எழுத முடியும்.

இனி நிறுவனம். நான் கோர்ட்டில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

வழக்கு முடியும்வரை வீட்டை இடிக்கக் கூடாது என்று கேட்பது இடைக்காலத் தடையுத்தரவு. நீதிபதி பார்ப்பதை 1975-ல் இங்கிலாந்தின் அமெரிக்கன் சயனமிட் வழக்கு வகுத்தது. இங்கே 1995-ல் வெளிவந்த கீட் ஜெரால்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் அதை நம் நீதிபதிகளுக்குப் படிப்படியாக எடுத்துக் கொடுத்தார். விசாரிக்கத்தக்க உண்மையான பிரச்சினை ஒன்று இருக்கிறதா? தடை போட்டால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், போடாவிட்டால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்பின் நஷ்டத்தை ஈடுகட்டுவேன் என்று உறுதிமொழி கொடுக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் நிறைய பேர் முகம் வெளிறுவார்கள். வாடகை இயந்திரம் ஒரு நாள் சும்மா நின்றால் இவ்வளவு என்று நிறுவனத்தின் வக்கீல் கணக்கு வாசிப்பார். வக்கீலிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முதல் கேள்விதான் உயிர். "பிரச்சினை இருக்கிறதா" என்றால், உங்களுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்பதே அதன் அர்த்தம். புறம்போக்கில் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாயத்திலும் உரிமை இல்லை என்று 1982-ல் சீடேக் வழக்கு சொல்லிவிட்டது, அதுவும் நம் பேராக் அரசாங்கத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு. அதனால் நிறுவனங்கள் உங்களையும் புறம்போக்குவாசி என்றே எழுதும். 89-வது ஆணையின் கீழ் சாட்சி விசாரணை இல்லாமல் சுருக்கமாக வெளியேற்றக் கேட்கும். ஆனால் 1991-ல் வெளிவந்த போஹாரி தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. அத்துமீறி வந்தவருக்குத்தான் அந்தச் சுருக்கு வழி. நில உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர், அந்த அனுமதி பற்றித் தகராறு உள்ளவர் என்றால் முழு விசாரணை நடத்த வேண்டும்.

ஒரு நாள் ஒரு பாட்டி கூண்டில் நின்றார். பால் வெட்டிய கை, இரண்டு விரல் நிமிராது. எதிர்த்தரப்பு வக்கீல், அந்த நிலத்தில் உங்களுக்கு ஏதாவது 'ஹாக்' உண்டா என்று கேட்டார். 'உரிமை' என்று மொழிபெயர்த்தேன். பாட்டி என்னைப் பார்த்தார். "உரிமையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கிராணி வந்து சாவி குடுத்தாரு. கரண்டுக்கு மாசம் மூணு வெள்ளி சம்பளத்துல பிடிச்சாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்கு வரும், பத்துக்கு நின்னுடும்" என்றார். நான் அப்படியே மலாயில் சொன்னேன். வக்கீல் உட்காரப் போனார். நீதிபதி பேனாவை எடுத்து, "மூணு வெள்ளி, சம்பளத்தில், எத்தனை வருஷம்?" என்று அவரே கேட்டார். பாட்டியின் மகன் ஒரு மைலோ டின்னிலிருந்து சம்பளச் சீட்டுக் கட்டை எடுத்துக் கொடுத்தான். ரப்பர் பேண்ட் ஒட்டிப்போய், பிரிக்கும்போது இரண்டு சீட்டு கிழிந்தது. புறம்போக்குவாசியின் சம்பளத்தில் யாரும் கரண்டுக்குப் பிடிக்க மாட்டார்கள். அன்று சுருக்கு வழி அடைபட்டது. வழக்கு முழு விசாரணைக்குப் போனது, கடைசியில் இழப்பீடு பேசி முடித்தார்கள். வீடு தங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்து வீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டிய அனுமதி. வேலை போனால் அனுமதியும் போகும் என்பதே நிறுவனத்தின் வாதமாக இருக்கும். அதற்குப் பிறகும் நிர்வாகம் இருக்க விட்டதா, வீடு தருகிறோம் என்று எழுத்தில் ஏதாவது வாக்குக் கொடுத்ததா, அதை நம்பி நீங்கள் காசு போட்டுக் கூரை மாற்றினீர்களா, பின்பக்கம் அறை இழுத்துக் கட்டினீர்களா? வாக்கை நம்பிச் செலவு செய்தவர் பக்கம் நியாயம் சாயலாம். தச்சர் கொடுத்த ரசீது, துத்தநாகத் தகடு வாங்கிய பில், மேனேஜர் முன்னால் எடுத்த தீபாவளிப் படம் எல்லாம் சாட்சி. 2009-ல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள்கூடக் கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்று, அதே ஆண்டு வீடுகள் இடிபட்டன. எத்தனை தலைமுறை என்ற எண்ணிக்கைக்குத் தனியாக எடை இல்லை. யார் எந்த அனுமதியைக் கொடுத்தார்கள் என்பதற்கு எடை உண்டு.

அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே தடை வாங்கலாம், ஒருதலைப்பட்ச உத்தரவு என்பார்கள். இயந்திரம் வாசலில் நிற்கும்போது அதுதான் வழி. ஆனால் அதன் ஆயுள் 21 நாள். ஒரு வாரத்துக்குள் எதிர்த்தரப்பிடம் சேர்க்க வேண்டும். 14 நாளுக்குள் இரு தரப்பும் நிற்கும் விசாரணைத் தேதியை நீதிபதி குறிப்பார். 21-ஆம் நாள் முடிந்தால் உத்தரவு தானாகக் காலாவதி. கையில் முத்திரை வைத்த காகிதம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருதலைப்பட்ச உத்தரவு கேட்பவர் தனக்கு எதிரான விஷயங்களையும் தானே சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு தோட்டக் கமிட்டி மண்ணைக் கவ்வியதை என் கண்ணால் பார்த்தேன். அஃபிடவிட்டில் எல்லாம் இருந்தது, ஆனால் பதினொரு குடும்பம் ஏற்கெனவே இழப்பீட்டுக் காசோலை வாங்கியதை மட்டும் எழுதவில்லை. "அது தெரிந்தால் ஜட்ஜ் தர மாட்டார்" என்று யாரோ பெரிய மனிதர் யோசனை சொன்னாராம். விசாரணை நாளில் நிறுவனத்தின் வக்கீல் பதினொரு காசோலையின் நகலையும் கையெழுத்தோடு வரிசையாக மேசையில் அடுக்கினார். நீதிபதி ஒரு வார்த்தை திட்டவில்லை. உத்தரவை ரத்து செய்து செலவுத் தொகையும் கட்டச் சொன்னார். காசோலையே வாங்காத மற்ற குடும்பங்களும் சேர்ந்து விழுந்தன. உங்கள் 22 குடும்பத்தில் யாராவது எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்கிறேன். நிலத்தின் மேல் கேவியட் (நிலப் பதிவில் போடும் தடைக் குறிப்பு) போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பதிவு செய்யத்தக்க உரிமை கோருபவருக்குத்தான் அது, வெறும் குடியிருப்பு அனுமதிக்கு நிற்காது, காசை வீணாக்க வேண்டாம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், தேசிய நிலச் சட்டம் 214ஏ. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் நம் ஆட்கள் தெருவுக்கு வந்ததன் தழும்பு அந்தப் பிரிவு. ஒப்புதல் வாங்கினார்களா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையிலிருந்து நிறுத்தியதற்குத் தர வேண்டிய சலுகைத் தொகை பாக்கி இருந்தால் அது மத்தியத்தின் தொழிலாளர் இலாகா, அங்கே வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். மாரியம்மன் கோயிலுக்கும் சேர்த்து வழக்கு என்றால் கோயில் கமிட்டி சங்கப் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 1966 சங்கங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் தன் பொது அலுவலரின் பெயரில்தான் வழக்கில் நிற்கும்.

பேராக்கில் மத்தியம் மாநிலம் என்று பேச்செடுத்தால் அடுத்த நிமிஷம் ஈப்போவைச் சேர்ந்த தாய் இந்திரா காந்தியின் வழக்கு வந்துவிடும், நீங்களும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இஸ்லாத்துக்கு மாறிய கணவர், தாயைக் கேட்காமலே பிள்ளைகளையும் மதம் மாற்றிய வழக்கு. அது வேறு முடிச்சு. அங்கே மோதியது இரண்டு நீதிமன்றங்களின் உத்தரவுகள். பிள்ளைகள் தகப்பனுக்கு என்றது ஷரியா நீதிமன்றம், தாய்க்கு என்றது ஈப்போ உயர் நீதிமன்றம். 1988-ல் அரசியலமைப்பில் சேர்த்த 121(1ஏ) விதி, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது. இந்திரா காந்தி வழக்குக்கு முன்னால் 2007-ல் சுபாஷினி வழக்கில், இஸ்லாத்துக்கு மாறிய கணவர் ஷரியா நீதிமன்றம் போவதைத் தடுக்கக் கேட்ட தடையுத்தரவு மறுக்கப்பட்டது. தனக்குக் கீழ்ப்படாத நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தடையுத்தரவால் நிறுத்தக் கூடாது என்று, மேலே சொன்ன குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 54-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எடுத்துக் காட்டியது. இந்திரா காந்திக்குக் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018 ஜனவரி 29-ஆம் தேதி வந்தது: ஒரு பெற்றோர் மட்டும் செய்த மதமாற்றம் செல்லாது, நிர்வாகத்தின் முடிவை மறுஆய்வு செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த இரண்டாவது பாதிதான் உங்களுக்குப் பயன்படும். உங்கள் வக்கீல் 53-வது ஆணையின் கீழ் போவதாக இருந்தால் அதை அவசியம் எடுத்துக் காட்டுவார்.

முப்பது நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. கடிதம் வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் ஈப்போவிலேயே இருக்கின்றன. போவதற்கு முன்னால் லயத்தில் வீடு வீடாகப் போய், அம்மாமாரிடம் பழைய டின்னைத் திறக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, கிராணி எழுதிய துண்டுக் காகிதம், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் தோட்டத்து முகவரி, எது கிடைத்தாலும் எடுங்கள். ரப்பர் பேண்ட் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டி எடுங்கள்.